பழனிமலையில் கூடிய பச்சை: செயற்கைக்கோள் படம் காட்டுவதும் காட்டாததும்

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் தவறாமல் இறங்கிப் பார்க்கும் இடங்களில் ஒன்று பைன் காடு. ஓங்கி வளர்ந்து வரிசை பிடித்து நிற்கும் மரங்கள், காலடியில் மெத்தையாகக் கிடக்கும் ஊசி இலைகள், நடுவே நின்று படம் எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள். ஊர் திரும்பி அந்தப் படத்தைக் காட்டும்போது "எவ்வளவு பெரிய காடு பாருங்கள்" என்கிறோம். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். பைன் அந்த மலையின் மரமல்ல, வெளியிலிருந்து கொண்டுவந்து மனிதர் நட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. அதைச் சுற்றிப் பல மைல் தூரத்துக்கு நிற்கும் யூகலிப்டஸும் வாட்டிலும்கூட அப்படி வந்தவைதான். இரண்டுக்கும் சொந்த ஊர் ஆஸ்திரேலியா.

அந்த மரங்கள் வருவதற்கு முன் அங்கே என்ன இருந்தது? எவ்வளவு இருந்தது? எப்போது போனது? இந்தக் கேள்விகளுக்கு நினைவிலிருந்து பதில் சொல்ல மலைக்கிராமங்களில் இன்னும் சில முதியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு மலைத்தொடர் முழுவதற்கும், ஏக்கர் கணக்கில், ஆண்டுவாரியாகப் பதில் வேண்டுமென்றால் வானிலிருந்து எடுத்த படங்களைத்தான் நாட வேண்டும். அந்தக் கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது, அது எங்கே தவறக்கூடும், பழனிமலையில் அது எதைக் கண்டுபிடித்தது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பழனிமலை என்று நான் சொல்வது முருகன் கோயில் இருக்கும் குன்றை அல்ல. அதற்குத் தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீண்டு, கொடைக்கானலைத் தன் மேல்தளத்தில் சுமந்து நிற்கும் மலைத்தொடரை. இதன் பெரும்பகுதி 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 609 சதுர கிலோமீட்டர். வடக்கே இறங்கும் நீர் அமராவதிக்கும் தெற்கே இறங்கும் நீர் வைகைக்கும் போகிறது. மதுரைக்காரருக்கும் தாராபுரத்துக்காரருக்கும் இந்த மலையின் உச்சியில் என்ன முளைத்திருக்கிறது என்பது சொந்த விஷயம்.

இந்த மலையின் இயல்பான தோற்றம் இரண்டு வகைத் தாவரங்கள் கலந்தது. பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் குட்டையான, அடர்ந்த, என்றும் பசுமையான சோலைக்காடு. மேடுகளிலும் சரிவுகளிலும் கண்ணுக்கெட்டும் தூரம்வரை புல்வெளி. நீலகிரியிலும் ஆனைமலையிலும் இதே அமைப்புதான். வரையாடு மேய்வது புல்வெளியில். நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை கூடு கட்டுவது புல்வெளியில். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி படர்ந்து நிற்பதும் திறந்த புல்வெளிச் சரிவுகளில்தான். அடர்ந்த மரநிழல் அதற்கு ஆகாது. நம் இலக்கணம் மலை நிலத்துக்கே குறிஞ்சி என்று பெயர் வைத்தது. அந்தப் பூவின் வீடு புல்வெளி என்பதை நாம்தான் மறந்துவிட்டோம்.

இனி கணக்கெடுப்பு. ஒரு நிலத்தின் மேல் கண்ணால் காணக்கூடியதாக என்ன இருக்கிறதோ, அதை நிலப்போர்வை என்கிறார்கள். புல், மரம், பயிர், நீர், பாறை, கட்டடம் எல்லாம் நிலப்போர்வை. அந்த நிலத்தை மனிதர் எதற்காக வைத்திருக்கிறார்கள் என்பது நிலப்பயன்பாடு. இரண்டும் வேறு. பைன் தோப்பின் நிலப்போர்வை மரம்; பயன்பாடு முதலில் தொழிற்சாலை மூலப்பொருள், இன்று சுற்றுலா; சட்டத்தின் பார்வையிலோ சரணாலயத்தை ஒட்டிய வனம். செயற்கைக்கோளுக்கு முதலாவது மட்டுமே தெரியும். மற்றவை மனிதர் சொல்லித் தெரிய வேண்டியவை.

நல்வாய்ப்பாக, இந்த மலையின் படம் அரை நூற்றாண்டுக்கு முன்பிருந்தே கிடைக்கிறது. அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972 ஜூலையில் ஏவப்பட்டது. பதினெட்டு நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே வந்து படம் எடுத்தது. 1988-ல் இந்தியா, சோதனைக் கட்டத்தைத் தாண்டிய தன் முதல் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐஆர்எஸ்-1ஏ-யை அனுப்பியது. 2015 முதல் ஐரோப்பாவின் சென்டினல்-2 வரிசையும் சேர்ந்துகொண்டது. எல்லாவற்றையும்விட இந்தத் துறையைத் திருப்பிப்போட்டது 2008-ல் நடந்த ஒரு நிர்வாக முடிவு என்பேன். அந்த ஆண்டில்தான் லேண்ட்சாட்டின் பழைய படங்கள் அனைத்தும் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி திறந்துவிடப்பட்டன. அதுவரை ஒவ்வொரு படத்துக்கும் விலை கொடுக்க வேண்டியிருந்ததால், ஒரு மலையின் நாற்பது ஆண்டு வரலாற்றை ஒரு சிறு ஆய்வுக் குழு தொடுவதே கடினமாக இருந்தது.

படம் என்று சொன்னாலும் இது நாம் கைபேசியில் எடுப்பது போன்றதல்ல. நிலம் சதுரச் சதுரமாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் எவ்வளவு ஒளி திரும்பி வந்தது என்பது எண்ணாகப் பதிவாகிறது. அந்தச் சதுரம்தான் பிக்சல். 1970-களின் லேண்ட்சாட்டில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 80 மீட்டர் பக்கம் கொண்டது. நம் கணக்கில் ஒன்றரை ஏக்கருக்கும் சற்று அதிகம். 1980-களில் வந்த, ஒளியை அளக்கும் புதிய உணரியில் அது 30 மீட்டராகச் சுருங்கியது, அதாவது 22 சென்ட். சென்டினல்-2-ல் 10 மீட்டர், இரண்டரை சென்ட். பழைய படத்தில் ஓடையோரச் சோலைத் துண்டு ஒன்று பக்கத்துப் புல்லோடு சேர்ந்து ஒரே பிக்சலாகக் கலங்கிப் போயிருக்கும். புதிய படத்தில் அதே சோலை தெளிவாகத் தெரியும். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் "புதிதாகச் சோலை முளைத்திருக்கிறது" என்று தவறாக எழுத நேரும். அதனால் கவனமான ஆய்வாளர்கள் புதிய படத்தைப் பழையதன் தரத்துக்கு இறக்கிய பிறகே இரண்டையும் அருகருகே வைப்பார்கள்.

அந்த எண்களிலிருந்து தாவரத்தை அறிவது எப்படி? பச்சை இலை சிவப்பு ஒளியைத் தன் உணவுத் தயாரிப்புக்காக விழுங்கிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வலுவாகத் திருப்பி அனுப்புகிறது. இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பசுமைக் குறியீடு கிடைக்கும். ஓர் உதாரணம்: அடர்ந்த மரக்கூட்டம் சிவப்பில் 5 பங்கும் அகச்சிவப்பில் 45 பங்கும் திருப்பி அனுப்பினால் 40-ஐ 50-ஆல் வகுக்க, 0.8. காய்ந்த புல் சிவப்பில் 15, அகச்சிவப்பில் 25 என்றால் 10-ஐ 40-ஆல் வகுக்க, 0.25. இந்த ஒற்றை எண்ணை வைத்து உலகெங்கும் காடுகளின் நலம் பேசப்படுகிறது. பழனிமலையில் அதே எண் நம்மை ஏமாற்றுகிறது.

சரிவு முழுவதும் புல்லாக இருந்த இடத்தில் வாட்டில் ஏறிக்கொண்டால் குறியீடு 0.25-லிருந்து 0.8-க்குத் தாவும். பச்சை கூடிவிட்டது என்று வரைபடம் மகிழும். வரையாட்டுக்கு அங்கே இனி மேய்ச்சல் இல்லை, குறிஞ்சிக்கு இடமில்லை. மலைக்கு நேர்ந்த பேரிழப்பு, கணக்கில் வரவாகப் பதிவாகிவிடுகிறது.

ஆகவே பசுமையின் அளவு போதாது. என்ன பச்சை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சோலை, புல்வெளி, வேற்றுமரத் தோப்பு, விவசாயம், நீர், ஊர் என்று முதலில் வகைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வகைக்கும் மலையில் நேரில் போய், இடங்காட்டிக் கருவியில் குறித்து, மாதிரி இடங்களைச் சேகரிக்கிறார்கள். அந்த மாதிரிகளைக் கணினிக்குக் காட்டி, இதுபோல் ஒளியைத் திருப்பி அனுப்பும் இடங்களை எல்லாம் இதே வகையில் சேர் என்று பழக்குகிறார்கள். மாதிரிகளில் ஒரு பகுதியைக் கணினியின் கண்ணில் படாமல் ஒதுக்கி வைத்து, முடிவில் அவற்றைக் கொண்டு அதற்குத் தேர்வு வைக்கிறார்கள்.

எந்த மாதத்துப் படம் என்பதும் இங்கே பெரிய விஷயம். இரண்டு பருவமழைக்கும் நடுவே இந்த மலை மேகத்துக்குள்தான் பாதி ஆண்டு இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை கிடைக்கும் தெளிவான படங்களே பெரும்பாலும் உதவும். அந்தக் காலத்தில் உறைபனியில் கருகிப் புல்வெளி பழுப்பேறி நிற்கும். சோலையும் வாட்டிலும் பச்சையாக இருக்கும். புல்லையும் மரத்தையும் பிரிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் பூண்டு வயலும் அப்போது புல்வெளி போலவே தோன்றும். அவற்றைப் பிரிக்க, பயிர் நிற்கும் மாதத்துப் படம் ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சோலையையும் வாட்டிலையும் பிரிப்பது இன்னும் கடினம். இரண்டும் பச்சை, இரண்டும் அடர்த்தி. மேலிருந்து பார்த்தால் சோலையின் தலை மேடுபள்ளமாக, பல நிறத் தளிர்களோடு இருக்கும். தோப்பின் தலை ஒரே சீராக இருக்கும். பயிற்சி பெற்ற கண்ணுக்கு அது தெரியும். கணினிக்குக் கற்றுக்கொடுக்க நிறையக் கள உழைப்பு வேண்டும். மலைச்சரிவின் நிழல் விழுந்த பக்கம் எப்போதும் கூடுதல் கருமையாகத் தெரிவதால் அதையும் திருத்த வேண்டியிருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் பிழை இருக்கும். ஒரு வரைபடம் 85 சதவீதம் சரி என்றால் நல்ல வரைபடம் என்பார்கள். 1973-க்கு அப்படி ஒன்று, நாற்பது ஆண்டு கழித்து அப்படி ஒன்று. இரண்டின் பிழைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால், இரண்டையும் ஒப்பிட்டு எடுக்கும் மாற்ற வரைபடம் 0.85 பெருக்கல் 0.85, அதாவது 72 சதவீதம் மட்டுமே சரியாக இருக்கும். "பத்தாண்டில் இரண்டு சதவீதம் காடு கூடியது" என்பது போன்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் இந்தப் பெருக்கல் எனக்கு நினைவுக்கு வரும். சிறிய மாற்றங்களைப் பிழை விழுங்கிவிடும். பெரிய மாற்றங்களை விழுங்க முடியாது.

பழனிமலையில் நடந்தது பெரிய மாற்றம். திருப்பதியில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று, செயற்கைக்கோள் படங்களையும் கள ஆய்வையும் சேர்த்து நாற்பது ஆண்டு வரலாற்றைக் கணக்கிட்டு 2018-ல் வெளியிட்டது. இயல்பான புல்வெளியில் 66 சதவீதம் போய்விட்டது. மூன்றில் இரண்டு பங்கு. சோலைக்காட்டில் 31 சதவீதம் போயிருந்தது. ஒரு காலத்தில் மலையின் மிகப் பெரிய, தொடர்ச்சியான போர்வையாக இருந்த புல்வெளி, மிக அரிதான, துண்டுதுண்டான போர்வையாகிவிட்டது. அதன் இடத்தைப் பெருமளவு பிடித்தது வேற்றுமரத் தோப்பு. விவசாயம் பிடித்தது அதைவிடக் குறைவு. மலைக்கிராமத்து உருளைக்கிழங்கு வயல்களைக் குற்றம் சொல்லிப் பழகியவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

இழப்பின் வடிவமும் பேசியது. வயல் புல்வெளியைப் பிடிக்கும் விதம் வேறு, தோப்பு பிடிக்கும் விதம் வேறு என்று அந்த ஆய்வு காட்டியது. நட்ட மரம் நட்ட இடத்தில் நிற்கவில்லை. தானாகவே புல்வெளிக்குள் நடந்திருக்கிறது. வாட்டிலின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும், தீப்பட்டால் விழித்துக்கொள்ளும். நடுவதை நிறுத்திய பிறகும் மரம் நிறுத்தவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலை, புல்வெளிப் பரப்புகளை 1973 முதல் 2017 வரை ஆராய்ந்து 2019-ல் வந்த மற்றொரு ஆய்வு, புல்வெளியில் ஏறத்தாழ 23 சதவீதம் வேற்று மரங்களின் கீழ் போயிருப்பதாகக் கண்டது. பழனி, நீலகிரி, ஆனைமலை ஆகியவைதான் அதிகம் இழந்தவை.

சரணாலய அறிவிப்பு 2013-ல் வந்தது என்று முன்பே சொன்னேன். அதற்குள் பெரும்பகுதி இழப்பு நடந்து முடிந்திருந்தது. எல்லைக்கோடு கோடரியைத் தடுக்கும், கட்டடத்தைத் தடுக்கும். விதையைத் தடுக்காது.

இவ்வளவு பெரிய இழப்பு எப்படி நாற்பது ஆண்டு யாரையும் உலுக்காமல் நடந்தது? இரண்டு காரணங்கள், இரண்டும் சொல்லில் இருக்கின்றன. ஆங்கிலேய அரசின் வருவாய்ப் பதிவுக்கு மரமில்லாத நிலம் வெறும் தரிசு. தரிசில் எதையாவது நட்டுப் பயனாக்குவது நல்ல நிர்வாகம் என்று கருதினார்கள். தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில், எரிபொருளுக்கும் பின்னாளில் ஆலைகளின் மரக்கூழுக்கும் யூகலிப்டஸ் என்று தொடங்கியதை, விடுதலைக்குப் பிறகு நம் அரசு இன்னும் வேகமாக நடத்தியது. புல்வெளி என்பது காட்டை அழித்ததால் உண்டான காயம், மரம் நட்டால் ஆறும் என்ற நம்பிக்கையும் கூடவே இருந்தது. அந்த நம்பிக்கை தவறு. நீலகிரியின் சதுப்பு மண் அடுக்குகளில் உள்ள கார்பனை ஆராய்ந்து சூழலியலாளர் ஆர். சுகுமாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1993-ல் வெளியிட்ட முடிவுகள், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல்வெளி பரவியிருந்ததைக் காட்டின. உறைபனி விழும் திறந்த சரிவில் சோலை மரத்தின் நாற்று பிழைப்பது அரிது. புல் அங்கே குடியேறியதல்ல, குடியிருந்தது.

இரண்டாவது காரணம் இன்றும் நடப்பில் இருக்கிறது. 1987 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளிவரும் இந்திய வனநிலை அறிக்கை, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரங்களின் தலைப்பரப்பு 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதை வனப்போர்வை என்று கணக்கிடுகிறது. யாருடைய நிலம், என்ன மரம் என்று கேட்பதில்லை. நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் வேண்டுமென்றால் இப்படி ஏதாவது வேண்டியிருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த அளவுகோலில் பழனிமலைப் புல்வெளி 'வனமல்லாதது'. அதன்மேல் வாட்டில் படர்ந்த நாளில் அது 'வனம்'. வரைபடத்தின் குறிவிளக்கத்தில் புல்வெளிக்கு என்று ஒரு நிறம் இல்லாவிட்டால், அது அழிவதைக் காட்டவும் நிறம் இருக்காது. பாதுகாக்கப்பட்ட நிலத்தைக் கண்காணிக்கப் புறப்படுகிறவர்கள் படத்தைத் திறக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை, அந்த நிலத்தின் சொந்த வகைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வது. சோலை, புல்வெளி, சதுப்பு என்று மலையில் வாழ்கிறவர்கள் பிரித்துச் சொல்வதை 'காடு', 'காடல்லாதது' என்ற இரண்டு பெட்டிக்குள் அடைத்தால் எந்தச் செயற்கைக்கோளும் உதவாது.

நீர்க்கணக்கும் இதையே சொல்கிறது. நீலகிரியின் கிளென்மார்கனில் அருகருகே இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றை இயல்பாக விட்டு, மற்றொன்றின் பெரும்பகுதியில் யூகலிப்டஸ் நட்டு மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகள் அளந்தது. முதல் பத்தாண்டுச் சுழற்சியில் தோப்பு நின்ற ஓடையில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பின் மீண்டும் துளிர்த்த இரண்டாவது சுழற்சியில் குறைவு 25 சதவீதத்தை எட்டியது. பசுமைக் குறியீடு உயர்ந்த இடத்தில் ஓடை இளைத்தது.

அப்படியென்றால் எல்லா வேற்று மரங்களையும் வெட்டிவிடலாமா? நீதிமன்ற உத்தரவுகளும், 2022-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அயல் தாவரங்கள் குறித்த கொள்கையும் அகற்றுவதை நோக்கியே போகின்றன. நோக்கம் சரி. ஆனால் எங்கே, எந்த வரிசையில் என்பதற்கு வரைபடம் வேண்டும். பழனிமலையின் முதிர்ந்த தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலை மரங்களின் நாற்றுகள் தாமாக முளைத்து வருகின்றன. அங்கே மொத்தமாக வெட்டினால் அந்த நாற்றுகள் நசுங்கும். திறந்த மண்ணில் உறங்கிக் கிடக்கும் வாட்டில் விதைகள் ஒரே நேரத்தில் எழும். அதே சமயம், மீட்பு என்ற பெயரில் எஞ்சிய புல்வெளியில் சோலை மரங்களை நடுவதும் பழைய பிழையின் மறுபதிப்புதான். எஞ்சியிருக்கும் புல்வெளித் துண்டுகளையும், அவற்றின் விளிம்பில் இப்போதுதான் நுழையும் தனித்தனி மரங்களையும் முதலில் கவனிப்பதே குறைந்த செலவில் அதிகம் காப்பாற்றும் வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தனித்தனி மரங்களைப் பிடிப்பதில்தான் வானத்துக் கண்ணின் எல்லை தெரிகிறது. முழங்கால் உயர வாட்டில் நாற்று, பத்து மீட்டர் பிக்சலில் புல்லுக்குள் மறைந்துவிடும். படத்தில் அது ஒரு பச்சைப் புள்ளியாகத் தெளியும்போது அதற்கு வயது ஏறியிருக்கும். பூத்து, காய்த்து, விதையை மண்ணில் இறக்கியிருக்கும். மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரைப் பக்கத்துச் சரிவுகளில் நடந்து போகும் ஒரு வனக்காவலரோ மாடு மேய்ப்பவரோ அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதைப் பார்த்துவிடுவார். இரண்டு விரலால் பிடுங்கக்கூடிய பருவம் அது. அவர் பார்த்ததைக் குறித்துக்கொள்ள ஒரு கைபேசிப் படிவமும், அந்தக் குறிப்பு வரைபடம் தயாரிக்கும் மேசைக்குப் போய்ச் சேர ஒரு வழியும் இருந்தால், எந்தச் சரிவுக்கு இந்தக் கோடையில் ஆள் அனுப்புவது என்று வனச்சரக அலுவலகத்தில் முடிவெடுக்கலாம்.

நீலக்குறிஞ்சி கடைசியாகப் பூத்தது 2018-ல். அடுத்தது 2030. அந்தப் பூவைச் சுமக்கப்போகும் செடிகள் இப்போது மிச்சமிருக்கும் புல்வெளிச் சரிவுகளில் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் பக்கத்திலேயே வாட்டில் நாற்றுகளும்.